ஆறடி உயரம், உடைந்த இடுப்பு

2020 ஏப்ரல். ஊரடங்கில் சார்லட் நகரத்து அபார்ட்மென்ட்டில் தனியாக அடைந்து கிடந்தேன். வேலை, சமையல், தூக்கம் எல்லாம் ஒரே அறையில். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அண்ணா போன் செய்வார். கூடப் பிறந்தவர் இல்லை. ஹாஸ்டலில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். 2006இல் எம்.எஸ். படிக்க ஃப்ளோரிடா வந்து அங்கேயே வேலை, கல்யாணம், வீடு என்று தங்கிவிட்டவர். வந்த புதிதில் ரூம்மேட்டுகளோடு உட்கார்ந்து மயாமி டால்ஃபின்ஸ் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தார். தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணிக்கு விசுவாசமாக இருப்பது எப்படி என்று அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

"டேய், நீதான் டேட்டா டேட்டான்னு அலையுறவனாச்சே. சொல்லு. டுவாவ அஞ்சாவதா எடுக்கலாமா வேண்டாமா?"

கேள்வி புரிய அமெரிக்கக் கால்பந்து பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மூர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், மோதல். அணியின் மூளை குவாட்டர்பேக். பந்து அவன் கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும்; அதற்குள் எதிரணியின் ராட்சசர்கள் அவனை நோக்கி ஓடி வருவார்கள். கல்லூரிகளில் ஆடும் பையன்களை என்.எஃப்.எல். அணிகள் வருடம் ஒருமுறை டிராஃப்ட்டில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2019இல் 5 வெற்றி, 11 தோல்வி கண்ட மயாமிக்கு ஐந்தாவது இடம் கிடைத்திருந்தது.

டுவா டாங்கோவைலோவா ஹவாயில் பிறந்த சமோவன் பையன். பிறப்பில் வலதுகைக்காரன். இடதுகையால் எறி என்று அப்பா பழக்கியதால் களத்தில் இடதுகைக்காரன். 2018 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகம் தேசிய இறுதிப் போட்டியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் பாதியில் இறக்கிவிடப்பட்ட முதலாமாண்டு மாணவன். கூடுதல் நேரத்தில் 41 யார்டு எறிந்து ஆட்டத்தை முடித்தான். கல்லூரிக் காலம் முழுக்க 87 டச்டவுன் பாஸ்கள். எதிரணி பிடித்தவை 11தான்.

குறைகள் இரண்டு. ஒன்று உயரம்: ஆறடி. நம்மூரில் ஆறடி என்றால் பெண் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். என்.எஃப்.எல். குவாட்டர்பேக்குக்கு அது குட்டை. அவன் முன்னால் மதில் மாதிரி நிற்கும் சொந்த அணி ஆட்களே ஆறடி ஐந்து அங்குலம் இருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் பார்க்க முடியாது. இடைவெளி தேடிப் பார்க்க வேண்டும். பந்தும் எதிரணியின் தூக்கிய கைகளில் பட்டுத் திரும்பலாம்.

இரண்டாவது உடம்பு. இரண்டு கணுக்கால்களிலும் ஒரு வருட இடைவெளிக்குள் அறுவை சிகிச்சை. 2019 நவம்பர் 16ஆம் தேதி மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு பேர் மேலே விழ, இடுப்பு எலும்பு குழியை விட்டு விலகிக் குழியின் பின்சுவரையும் உடைத்துவிட்டது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். கார் விபத்துகளில் வரும் காயம் இது. 1991இல் போ ஜாக்சன் என்ற மாபெரும் வீரரின் கால்பந்து வாழ்க்கையை முடித்ததும் இதே மாதிரி ஒன்றுதான். மூட்டு விலகும்போது எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அறுந்தால் எலும்பு மெல்ல மெல்லச் செத்துவிடும். அது வெளியே தெரிய மாதக்கணக்காகலாம்.

டுவாவுக்கு மூட்டை விரைவாகப் பொருத்தி, இரண்டே நாளில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆறியும் வந்தது. ஆனால் கோவிட் பயணத்தடையால் மார்ச்சுக்குப் பிறகு எந்த அணியும் தன் டாக்டரை வைத்து அந்த இடுப்பைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

நான் ஷீட் போட்டேன். உயரம், எடை, கை அளவு, இடது கணுக்கால், வலது கணுக்கால், இடுப்பு என்று காலம் காலமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். டல்லஸ் அணி 90களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஓர் அட்டவணை இருக்கிறது. டிராஃப்ட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை. முதல் இடம் 3000 புள்ளி, ஐந்தாவது 1700, முப்பத்திரண்டாவது 590. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவன் பின்னால் எடுக்கப்பட்டவனைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று மேஸியும் தேலரும் எழுதிய ஆய்வையும் படித்திருந்தேன். இத்தனைக்கும் பிறகு முடிவு சுலபமாக வந்தது. அதே டிராஃப்ட்டில் ஒரிகனிலிருந்து ஜஸ்டின் ஹெர்பர்ட் இருந்தார். ஆறடி ஆறு அங்குலம். இடுப்பு பத்திரம்.

"வேண்டாம்ணா. இவ்ளோ முன்னாடி வேண்டாம். இருபதாவது இடத்துல கெடச்சா பாக்கலாம்."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பிரீஸ் கத தெரியுமாடா உனக்கு?" என்றார்.

தெரியாது. சொன்னார். ட்ரூ பிரீஸும் ஆறடிதான். உயரம் போதாது என்று 2001 டிராஃப்ட்டில் முப்பத்திரண்டாவது ஆளாகப் போனவர். 2005ஆம் ஆண்டின் கடைசி நாள் ஆட்டத்தில் எறியும் தோள் கிழிந்தது. சான் டியாகோ விட்டுவிட்டது. அப்போது மயாமியின் பயிற்சியாளர் நிக் சேபனுக்கு பிரீஸ் மேல் ஆசை. டாக்டர்கள் தோளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். மயாமி அவருக்குப் பதிலாக டான்டே கல்பெப்பரை வாங்கியது. கல்பெப்பருக்கும் முழங்கால் கிழிந்து ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் ஆறடி நாலு அங்குலம். மயாமிக்காக நான்கே நான்கு ஆட்டம் ஆடினார். சேபன் அந்த சீசனோடு கிளம்பி அலபாமா போய்விட்டார். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸ் போய், 2010 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார். அந்த இறுதிப் போட்டி நடந்தது மயாமியின் சொந்த மைதானத்தில்.

"எங்க வீட்டு மொட்ட மாடில இன்னொருத்தன் பொண்ணு கல்யாணம் நடந்த மாதிரி இருந்துச்சுடா," என்றார் அண்ணா. "இப்ப அதே சேபன் வளத்த பையன், அதே ஆறடி, அதே மாதிரி டாக்டர் ரிப்போர்ட். ரெண்டாவது தடவையும் பயந்தா நாம மனுசங்களா?"

இது வாதமே இல்லை, பழைய காயம் பேசுகிறது என்றேன். ஒரு தோள் ஆறியது இன்னொரு இடுப்பு ஆறும் என்பதற்குச் சான்று ஆகாது. அவர் சொன்ன இரண்டாவது காரணம்தான் எனக்குப் பதில் தெரியாதது. மயாமிக்கு அந்த வருடம் முதல் சுற்றில் மூன்று வாய்ப்புகள்: 5, 18, 26. "ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கறவன் பயப்படட்டும். மூணு வெச்சிருக்கறவன் ஏண்டா பயப்படணும்?"

ஏப்ரல் 23ஆம் தேதி இரவு மயாமி டுவாவை எடுத்தது. அண்ணா அழுதாரா சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை. அடுத்த இடத்தில் ஹெர்பர்ட்டை எடுத்தது, பிரீஸைக் கைவிட்ட அதே சார்ஜர்ஸ். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது ஹெர்பர்ட்டுக்கு. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். கேவலமான சந்தோஷம்தான். ஆனால் நவம்பரில் முழங்கால் கிழிந்து சீசனை இழந்தது டுவா இல்லை. டிராஃப்ட்டில் முதல் ஆளாகப் போன, என் ஷீட்டில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்த ஜோ பர்ரோ.

அடுத்த வருடம் என் டீமுக்கு ஆள் எடுத்தோம். ஓர் இடம், கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவருக்கு ரெஸ்யூமேயில் இரண்டு வருட இடைவெளி. அவரே சொன்னார்: பைக் ஆக்ஸிடென்ட், முதுகில் ஆபரேஷன், இப்போது பரவாயில்லை. நான் கொடுத்த பிழையை மற்றவரைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். கடைசியில், "வேற ஏதாவது கேக்கணுமா சார்? ஹெல்த் பத்திக் கேக்கணும்னாலும் கேளுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். "சேச்சே, அதெல்லாம் தேவையில்லங்க" என்றேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைப்பு.

பிறகு ஃபார்மில் எழுதினேன்: "திறமை இருக்கிறது. தொடர்ந்து வேலை செய்வது குறித்துச் சந்தேகம்."

மற்றவரை எடுத்தோம். அவர் ஐந்தாவது மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இதனால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாது. அவர் இருந்திருந்தால் சரி என்றும் ஆகியிருக்காது. உறுத்துவது வேறு. மயாமி டாக்டர்கள் பிரீஸின் தோளைப் பரிசோதித்துவிட்டாவது தயங்கினார்கள். நான் கேட்கக்கூட இல்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லிக்கொண்டு, கேட்காததையே காரணமாக எழுதினேன். இதை அண்ணாவிடம் பல மாதம் சொல்லவில்லை.

2022 செப்டம்பர் 25. பஃபலோவுடனான ஆட்டத்தில் டுவாவின் தலை தரையில் மோதியது. எழுந்தவர் கால் பின்னித் தள்ளாடினார். முதுகுப் பிரச்சினை என்றார்கள். அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கினார்கள். நான்கு நாள் கழித்து சின்சினாட்டியில், 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒருவர் அவரைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அடித்தார். விழுந்தவரின் விரல்கள் முகத்துக்கு முன்னால் விறைத்து, வெவ்வேறு பக்கம் மடங்கி நின்றன. மூளை அடிபட்டதற்கான அடையாளம் அது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே லீக் விதியை மாற்றியது: தள்ளாடியவரைத் திரும்ப ஆட விடக் கூடாது. அந்த கிறிஸ்துமஸ் அன்று மறுபடி தலையில் அடி.

என் பழைய ஷீட்டைத் திறந்து பார்த்தேன். கணுக்காலுக்கு இரண்டு காலம். இடுப்புக்கு ஒன்று. கை அளவுக்குக்கூட ஒன்று. தலைக்கு இல்லை. உயரத்தை நான் பார்வைப் பிரச்சினையாக மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன்: மதிலுக்கு மேல் தெரியுமா தெரியாதா என்று. அவர் அந்த இடைவெளிகளை அழகாகவே கண்டுபிடித்தார். அந்த 2022 சீசனில் லீக்கிலேயே அதிக பாஸர் ரேட்டிங் அவருக்குத்தான். சின்ன உடம்பு என்றால் விழும்போது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே உடைந்த இடம் எக்ஸ்-ரேயில் தெரிகிறது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெறலாமா என்று அவர் யோசித்த வருடம் அது. பிறகு ஜுஜிட்சு கற்றுக்கொண்டார், ஒழுங்காக விழுவதற்கு. 2023இல் 17 ஆட்டங்களும் ஆடி, லீக்கிலேயே அதிகமாக 4,624 யார்டு எறிந்தார். 2024 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 212 மில்லியன் டாலர் ஒப்பந்தம். செப்டம்பர் 12, மறுபடி பஃபலோ. ஓடிப்போய் ஒருவர் மேல் தலையால் முட்டி விழுந்தார். அதே விரல்கள், அதே விறைப்பு.

இரவு பன்னிரண்டுக்கு அண்ணா போன் செய்தார்.

"எடுத்திருக்கக் கூடாதுடா."

"என்னண்ணா நீங்களே இப்படிச் சொல்றீங்க? நல்லாத்தானே ஆடினாரு. ஷீட்ட பாத்து நான்தான் தப்பாச் சொன்னேன்."

"டீமுக்குச் சொல்லலடா. அந்தப் பையனுக்குச் சொல்றேன். என் பையனா இருந்தா இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"நீங்க எடுக்கலன்னா வேற டீம் எடுத்திருக்கும்ணா. ஆடணும்னு வந்தவர உங்க நல்லதுக்குத்தான்னு உக்கார வெக்க நாம யாரு?"

நான்கு வருடத்தில் இருவரும் இடம் மாறியிருந்தோம். அப்போதுதான் அந்த இன்டர்வியூ கதையைச் சொன்னேன், முதல்முறையாக. கேட்டுவிட்டு, "அவரு கேளுங்கன்னாரு, நீ கேக்கல. அவ்ளோதானே?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

டுவா ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்தார். அந்த சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களை இடுப்புக் காயத்தால் தவறவிட்டார். 2025 டிசம்பரில் அவரை உட்கார வைத்துவிட்டு, ஏழாவது சுற்றில் எடுத்த ஒரு புதுப் பையனை ஆட விட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு அவர் தகுதியானவரா என்று இன்று கேட்டால், 2020இல் கையில் இருந்த தகவலுக்கு ஆமாம் என்பேன். ஹெர்பர்ட் அவரைவிடப் பொருத்தமானவரா என்றால் அதற்கும் ஆமாம். அந்த 1700 புள்ளிக் கணக்கில் இழப்பு என்பது மயாமியின் இழப்பு மட்டும்தான். அவருடைய தலை யாருடைய கணக்கிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை.

இப்போதும் இன்டர்வியூ எடுக்கிறேன். இடைவெளி இருப்பவர் தானாகப் பேச ஆரம்பித்தால் கேட்கிறேன்: இந்த வேலையில் எது உங்களுக்குக் கஷ்டம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று. போன மாதம் ஒருவர் பத்து நிமிடம் பேசினார். அவர் சொன்னதை அப்படியே ஃபார்மில் எழுதினேன். எடுப்போமா என்று இன்னும் முடிவாகவில்லை. கீழே "ரிஸ்க்" என்று ஒரு கட்டம் இருந்தது. யாருக்கு என்று அதில் போட்டிருக்கவில்லை. காலியாக விட்டு அனுப்பினேன்.