கையெழுத்துப் போடாதவர்கள்

சென்னையில் மனை வாங்கலாம் என்று முடிவானதும் அப்பா முதலில் செய்தது, கணக்குப் போட்டுப் பார்த்து வாயடைத்துப் போனதுதான். அவருக்குப் பழக்கப்பட்டது ஏக்கரும் சென்ட்டும். இங்கே எல்லாம் கிரவுண்ட். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். சதுர அடி 3,600 ரூபாய் என்று புரோக்கர் சொன்னதை நாட்காட்டியின் பின்பக்கம் சென்ட்டுக்கு மாற்றி எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஒரு சென்ட்டு பதினஞ்சே முக்கால் லட்சமா பாப்பா? ஊர்ல இதுக்கு அரை ஏக்கர் வருமே."

ஊர்க்கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும். முந்தின வருடம்தான் ரோட்டை ஒட்டியிருந்த எழுபது சென்ட்டை விற்றிருந்தார். அந்த இருபது லட்சமும், நான் வாங்கப்போகும் லோனும்தான் எங்கள் முதல்.

இது 2024 தொடக்கத்தில். முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்ட், 1,200 சதுர அடி. மொத்தம் 43,20,000. அதே தெருவில் மற்ற மனைகள் சதுர அடி 4,500க்குப் போய்க்கொண்டிருந்தன. அதாவது எங்களுக்கு மட்டும் 10,80,000 ரூபாய் குறைவு. எனக்கு சந்தோஷம் வந்ததே தவிர சந்தேகம் வரவில்லை. இதை ஒப்புக்கொள்ள இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்திரத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க உட்கார்ந்தபோதுதான் ஒரே மண்ணுக்கு ரெண்டு விலை இருப்பது புரிந்தது. ஒன்று தெருவில் சொல்கிற விலை. இன்னொன்று அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, எல்லோரும் கைடுலைன் என்பது. பதிவுத்துறை தளத்தில் தெருப் பெயரோ சர்வே எண்ணோ போட்டால் வந்துவிடும். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7. ஆக மொத்தம் 9 சதவீதம். நடுவில் இடம் வாங்கிய மாமா சித்தப்பா சொல்கிற கணக்கெல்லாம் இப்போது உதவாது.

எங்கள் மனைக்கு கைடுலைன் 2,000. "பத்திரத்துல இருபத்து நாலு லட்சம் போட்டுக்கலாம் சார், மீதிய கையில குடுத்துடுங்க" என்றார் விற்பவர். 3,88,800 ரூபாய் செலவு 2,16,000 ஆகிவிடும். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ பத்தொன்பது லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்று வயிற்றைக் கலக்கியது. பாங்க் லோனும் அப்படியெல்லாம் கிடைக்காது. முழுத் தொகைக்கும்தான் எழுதுவோம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விலையை ஏற்றவில்லை. அங்கேயாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.

காகிதங்கள் எல்லாம் அழகாக இருந்தன. விற்பவரின் அப்பா 1971இல் ஒன்றரை கிரவுண்ட் வாங்கிய மூலப்பத்திரம். அவர் 1992இல் இறந்தபின் மூன்று மகன்களும் ஆளுக்கு அரை கிரவுண்டாகப் பிரித்துக்கொண்ட 1996ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். பட்டா விற்பவர் பெயரிலேயே. அங்கீகாரம் இல்லாத பழைய மனைதான், ஆனால் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்கென்று வந்த திட்டத்தில் வரன்முறை செய்திருந்தார்கள். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழை நானே ஆன்லைனில் எடுத்தேன். அடமானம் இல்லை, வேறு விற்பனை இல்லை. பளிச்.

அப்புறம் விலை ஏன் குறைவு? தண்ணீராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அந்தப் பக்கத்தை முழுக்கடித்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்த் தெருவில் நடந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாட்டி என்று கேட்டேன். சுவரில் ஜன்னல் உயரத்தைக் காட்டினார்.

"அதனாலதான் அந்த மனைய கம்மிக்கு விக்கிறாங்களா?"

"தண்ணி எல்லா வீட்டுக்குந்தான் வந்துச்சு. நாங்க என்ன கம்மிக்கா விக்கிறோம்?" கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பெரியவருக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கே. அதான் இந்தத் தெருக்காரங்க யாரும் தொடல."

தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் போனேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் போயிருக்க வேண்டியது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "வாரிசு சான்றிதழ் எங்கம்மா?" என்றார். இல்லை. விற்பவரிடம் பலமுறை கேட்டும், இந்தா அந்தா என்று இழுத்தார்.

"பெரியவர் சொந்தமா சம்பாதிச்சு வாங்குன இடம். உயில் எழுதாம செத்துட்டார். 1956 சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இதுல பசங்க மூணு பேரு மட்டும் பிரிச்சுக்கிட்டாங்க."

"ஆனா ஈசியில ஒண்ணுமே இல்லையே சார்?"

"ஈசியில பதிவானதுதாம்மா இருக்கும். கையெழுத்துப் போடாதவங்க பேரு அதுல எப்படி இருக்கும்?" பட்டாவையும் தள்ளி வைத்தார். அது வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் இல்லை. வரன்முறை ஆணை மனையைச் சரிசெய்யும், பாத்தியதையைச் சரிசெய்யாது. "இத்தனை வருஷம் கழிச்சு அவங்க ஜெயிப்பாங்களான்னு சொல்ல முடியாது. ஆனா கேஸ் போட்டா நீங்க தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடக்கணும். அவங்க ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தா வாங்குங்க."

விடுதலைப் பத்திரம். அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை.

2008. எனக்குப் பன்னிரண்டு வயது. தாத்தா இறந்த மறுவருடம். அப்பாவும் அத்தையும் சார்பதிவாளர் அலுவலகம் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள், கல்யாணத்துக்கு வருவது மாதிரி. இடதுகைப் பெருவிரலை மையில் உருட்டி ரேகை வைத்தார்கள். துடைக்கத் துணியில்லாமல் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். அப்பா எனக்கும் அவளுக்கும் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அவ்வளவுதான். அந்த எழுபது சென்ட்டில் அவளுக்கிருந்த பாதி அன்றைக்குப் போனது. பதினைந்து வருடம் கழித்து இருபது லட்சமாகி எங்கள் கணக்கில் கிடந்தது. அதன் வில்லங்கச் சான்றிதழும் பளிச்சென்றுதான் இருந்தது. அதனால்தான் நல்ல விலைக்குப் போனது.

வக்கீல் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "கூடப்பொறந்தவளுங்கள ஏமாத்திட்டு நம்மகிட்ட விக்கப் பாத்திருக்கான் பாரு" என்று கொதித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் சத்தம் தானாகவே தணிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

புரோக்கர் அந்த இரண்டு பெண்களிடமும் பேசிப் பார்த்தார். ஒருவர் தன் பங்குக்குப் பணம் கேட்டார். இன்னொருவர், "அண்ணன் வந்து கேக்கட்டும், நீ யாரு?" என்றாராம். அண்ணன் போகவில்லை. அட்வான்ஸில் எழுபதாயிரம் திரும்பி வந்தது. மீதி முப்பதாயிரத்துக்கு நாலு மாதம் போன் செய்து பார்த்துவிட்டு நான் விட்டுவிட்டேன். அப்பா விடவில்லை. இன்னமும் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார்.

ஆடி மாதத்தில் அத்தையே போன் செய்தாள். "மனை பாத்தீங்களே, எழுதியாச்சாடி?"

"இல்லத்தே. அந்த வீட்டுப் பொண்ணுங்க கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்படிக்கூட சொல்லலாமாடி?" என்றாள்.