புள்ளி பிழைக்காது

விடுமுறை வந்துவிட்டால் ஆசிரியனுக்கு ஓய்வு என்று எண்ணுபவர்கள், வெளிநாட்டிலிருந்து மருமக்கள் வந்து இறங்கும் வீடுகளை அறியாதவர்கள். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில், கச்சான் காற்று சுழன்று வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், உட்துறைமுகத்தை நோக்கிய எமது வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையை விரித்து நாம் கண்ணயரப்போன சமயம், எமது தமக்கையின் மகள் வந்து அருகில் அமர்ந்தாள். இருபது வயது நிரம்பியவள். சுவிற்சர்லாந்தில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிப்பவள்.

"மாமா, நீங்கள் பௌதிகவியல் ஆசிரியர்தானே? கைத்துப்பாக்கிப் போட்டிக்கு ஒரு சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி வாங்கவேண்டும். எது நல்லது?" என்று கேட்டாள்.

நித்திரை பறந்தது. மருமக்கள் எம்மிடம் கேட்பது வழக்கமாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எப்போது போவது என்பதைத்தான். அதைவிடப் பெரிய சங்கடம், உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த எமது தாயாரின் சுளகு சட்டென்று நின்றதே. "தம்பி, அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் எடுக்கவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லு" என்று குரல் வந்தது. சுளகு மறுபடியும் அசைய நெடுநேரமாயிற்று.

அம்மாவைக் குறைகூற எவராலும் இயலாது. 1942இல் குண்டு விழுந்தபோது அவரைப் பெற்றவள் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டு ஓடினாள். 1990இல் அம்மா எம்மையும் தமக்கையையும் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு ஓடினார். அதன் பின்னரே தமக்கை கடல் கடந்தாள். துப்பாக்கி என்றால் அம்மாவுக்கு அது விளையாட்டுப் பொருளன்று. படலையில் வந்து நிற்கும் ஒன்று.

மருமகளின் ஊரிலோ சுடுதல் என்பது எமது ஊரில் உதைபந்தாட்டம் போல. கிராமந்தோறும் சுடுதற் சங்கங்கள் உள்ளன. ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் கூடும் சுடுதல் விழாவும் உண்டு. எனினும் ஒரு செய்தி எம்மை உறுத்தியது. அந்நாட்டு ஆயுத ஒழுங்குவிதி, சில நாடுகளின் பிரசைகள் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் எமது இலங்கையும் இடம்பெற்றிருக்கிறது. மருமகள் அந்நாட்டுப் பிரசை ஆகையாலே அவளுக்குத் தடையில்லை. தாயின் நாட்டுப் பெயரே தடையாகக்கூடிய ஒரு விளையாட்டில் அவள் ஒழுங்காகவும் பொறுப்பாகவும் பயில்கிறாள் என்பதை எண்ணியபோது, அவளுடைய வினாவை அலட்சியம் செய்ய எமக்கு மனம் வரவில்லை.

"எந்தப் போட்டிக்கு?" என்று முதலில் கேட்டோம். கடைக்குப் போகுமுன் விதிநூலைப் பார்க்கவேண்டும் அல்லவா? ஒலிம்பிக் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனம், கைத்துப்பாக்கிப் போட்டிகளில் திறந்த இரும்புக் குறிகளை மாத்திரமே அனுமதிக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்ற இந்தியாவின் மனு பாக்கரும், காற்சட்டைப்பையில் ஒரு கையை வைத்தபடி சுட்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகேச்சும் சிவப்புப் புள்ளி எதனையும் பார்த்துச் சுட்டவர்களல்லர். ஐ.பி.எஸ்.சி. என்ற அமைப்பின் போட்டிகளோ வேறுவிதம். அங்கே ஓடியும் திரும்பியும் நேரக் கணக்கில் சுடவேண்டும்; சில பிரிவுகளில் புள்ளிக் குறிகாட்டிக்கு இடமுண்டு. 1990இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் நடந்த அவ்வமைப்பின் உலகப் போட்டியில், இத்தகைய கருவியுடன் வந்த அமெரிக்கர் டக் கோனிக் முதலிடம் பெற்றதன் பின் அது அந்த உலகில் நிலைபெற்றது. மருமகள் இந்த இரண்டாம் வகைக்கே கேட்டாள். விடுமுறை வேலை செய்து சேர்த்த சில நூறு பிராங்குகள் அவளிடம் இருந்தன.

இனி, புள்ளியால் என்ன நன்மை? இரும்புக் குறியில் பின்னே ஒரு வெட்டும் முன்னே ஒரு முனையும் இருக்கும். வெட்டு, முனை, இலக்கு என்ற மூன்றையும் கண் ஒரே சமயத்தில் தெளிவாகக் காணாது. ஆகவே முனையைத் தெளிவாகவும் மற்ற இரண்டையும் மங்கலாகவும் பார்க்கவேண்டும் என்பது அந்தக் கலையின் பாலபாடம். துரோணர் கேட்டபோது பறவையின் கண் மாத்திரமே தெரிகிறது என்ற அருச்சுனனை வகுப்பில் நாம் எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறோம். இரும்புக் குறி வைத்த துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் அவன் அந்த விடைக்குத் திட்டு வாங்கியிருப்பான்! சிவப்புப் புள்ளியில்தான் அருச்சுனன் சொன்னது சரி. இலக்கையே பார்க்கலாம், புள்ளி அதன்மேல் வந்து அமரும். வெள்ளெழுத்து வந்துவிட்ட எம்போன்ற நாற்பது வயதுக்காரருக்கு அது பெரும் உபகாரம்.

"அது எப்படி இலக்கின்மேல் அமருகிறது? தலையை அசைத்தாலும் விலகுவதில்லையே" என்று வியந்தாள் மருமகள். வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று எழுந்தோம். ஒரு சப்பாத்துப் பெட்டி, ஒரு ரோச் லைற், சிவப்புக் கண்ணாடிக் கடதாசி, பதினைந்து சென்ரிமீற்றர் குவியத்தூரமுள்ள குவிவு வில்லை ஒன்று, உடைந்த படச்சட்டத்தின் கண்ணாடித் துண்டு ஒன்று, இவ்வளவுதான். பெட்டிக்குள் ரோச் லைற்றின் முன்னே தடித்த மட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டுச் சிவப்புக் கடதாசியால் மூடினோம். துளை சரியாக வில்லையின் குவியத்தில் நிற்கும்படி வைத்தோம். வில்லையின் மேலே கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினோம். குவியத்திலிருந்து புறப்படும் ஒளி, வில்லையைக் கடந்ததும் சமாந்தரக் கதிர்களாகிவிடும்; கண்ணாடி அவற்றில் ஒரு பங்கைக் கண்ணை நோக்கித் திருப்பும். சமாந்தரக் கதிர்கள் மிகத் தொலைவிலுள்ள பொருளிலிருந்து வருபவை போன்று தோன்றும். நாம் நடந்தால் சந்திரனும் கூட வருவதில்லையா? அதுபோலவே இதுவும். கடையில் விற்கும் கருவியில் ரோச் லைற்றுக்குப் பதில் கடுகளவு எல்.ஈ.டி. விளக்கும், வில்லைக்கும் கண்ணாடிக்கும் பதில் சிவப்பை மாத்திரம் பெரிதும் தெறிக்கச் செய்யும் பூச்சுள்ள வளைந்த ஆடியும் இருக்கும். மிக அருகிலுள்ள இலக்கில் தலையசைவினால் சில மில்லிமீற்றர் பிழை வரலாம், அவ்வளவே.

வெயில் சாய்ந்ததும் பெட்டியை விறாந்தைச் சுவரில் வைத்துத் துறைமுகக் கரையில் நின்ற ஒற்றைத் தென்னையை நோக்கித் திருப்பினோம். தென்னையின் வட்டிலே செம்புள்ளி ஒன்று ஏறி உட்கார்ந்தது.

இந்த உபாயத்தை 1900இல் கண்டவர் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வல்லுநர் சேர் ஹவாட் கிரப். பெட்டியின் பின்னே நின்று எதிர்க்கரையில் சீனன்குடாவைப் பார்த்தபோது எமக்கு வேறொன்றும் நினைவு வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில், யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்களை எதிர்க்கச் சீனன்குடாவிலிருந்து எழுந்தவை, பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் ஓட்டிகள் கண்முன் வைத்திருந்தது கிரப்பின் உபாயத்தில் அமைந்த சாய்கண்ணாடிக் குறிகாட்டி. யப்பானிய சீரோ விமானத்திலும் அதே உபாயமே. எமது பாட்டி மூட்டையுடன் ஓடிய அந்தக் காலையில், தலைக்குமேல் இருதரப்பாரும் ஒரே பௌதிகவிதியின் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். இதனை மருமகளுக்குச் சொன்னோம். அவள் சற்றுநேரம் பேசவில்லை.

பிறகு பெட்டியினுள் மறுபடி பார்த்தவள், "மாமா, உங்கள் புள்ளிக்கும் வால் இருக்கிறதே! சங்கத்தில் சிநேகிதியின் கருவியிலும் இப்படித்தான், வால்வெள்ளி போல இழுபடுகிறது. மலிவான பொருள் ஆகையால்தான் என்று விலை கூடியதை வாங்க எண்ணினேன்" என்றாள்.

நாம் பார்த்தோம். கண்ணாடி அணிந்த எமக்குப் புள்ளி வட்டமாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தால் காற்புள்ளி போல் நீண்டது. அவளுடைய கைத்தொலைபேசியைக் கண்ணுக்குப் பதிலாக வைத்துப் படம் எடுக்கச் சொன்னோம். படத்தில் புள்ளி வட்டம். கருவி குற்றமற்றது, குற்றம் கண்ணில். கண்ணின் முன்படலம் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியாது. கண்ணாடிக் கடைக்காரர் சிலிண்டர் என்று எழுதிக்கொடுப்பது இந்தக் குறைக்கே. மறுநாள் ஊரிலே கண்ணைச் சோதித்தபோது அவளுக்கும் அது சிறிதளவு இருப்பது தெரிந்தது. விலை கூடிய குறிகாட்டி வாங்கியிருந்தால் விலை கூடிய வால்வெள்ளியைத்தான் பார்த்திருப்பாள்!

கண் சீரானபின் கருவிக்கு வந்தோம். புள்ளியின் அளவைக் கடைக்காரர் எம்.ஓ.ஏ. என்பர், எமது கணிதத்தில் அது கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 25 மீற்றர் தூரத்தில் ஒரு கலை ஏறத்தாழ 7 மில்லிமீற்றரை மறைக்கும். 3 கலைப் புள்ளி 22 மில்லிமீற்றரை, 6 கலைப் புள்ளி 44 மில்லிமீற்றரை. அத்தூரத்தில் நிதானமாகச் சுடும் சர்வதேச இலக்கின் பத்துப்புள்ளி வட்டமோ 50 மில்லிமீற்றர் விட்டம். அமைதியாக நின்று நுணுக்கமாகச் சுடுபவருக்குச் சிறு புள்ளி நன்று. ஓடிச்சென்று அருகிலுள்ள பெரிய பலகைகளைச் சுடுபவருக்கு விரைவிற் கண்ணிற்படும் பெரும் புள்ளி நன்று. மருமகளுக்கு 6 கலை என்று முடிவாயிற்று.

மற்றவை எளிது. ஆடியின் சட்டம் அகலமாயிருந்தால் துள்ளிய துப்பாக்கி திரும்பி வரும்போது புள்ளி மறையாது. ஒளியின் அளவைத் தானாகவே மாற்றும் கருவியைவிடக் கையால் மாற்றும் பொத்தான் உள்ளது நன்று. சுடுபவள் நிழலிலும் இலக்கு வெயிலிலும் இருந்தால் தானியங்கி ஏமாந்து புள்ளியை மங்கச் செய்யும். மின்கலம் மேலிருந்து மாற்றக்கூடியதாக வேண்டும். கருவியைக் கழற்றிப் பூட்டினால் குறி பார்த்துத் திருத்திய வேலை வீணாகலாம். விளக்கு மூடிய கூட்டினுள் இருந்தால் மழைத்துளியும் தூசியும் அதனை மறைக்கமாட்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தில் ஒன்றை இரவல் வாங்கி நூறு முறை சுட்டுப் பார்த்தபின்னரே பணம் கொடு என்றோம். புதிதாகப் பழகுவோருக்குப் புள்ளி ஒரு சோதனை. கையின் நடுக்கம் முன்பும் இருந்தது. புள்ளிதான் அதனைக் கண்முன் ஆடவைத்துக் காட்டுகிறது. ஆட்டத்தைக் கண்டு பதறி, புள்ளி நடுவுக்கு வரும் கணத்தைப் பிடிக்க விசையை வெடுக்கென்று இழுத்தால் குறி தப்பும்.

இவ்வளவும் நடக்கையில் அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. "அதென்ன பெட்டி?" என்றார். பேர்த்தி கையைப் பிடித்து அழைத்துவந்து பார்க்கச் செய்தாள். வெண்புரை அகற்றி வில்லை வைத்த கண்ணல்லவா? "வட்டமாய், குங்குமப் பொட்டுப்போல் தெரியுது" என்றார். தலையை இடமும் வலமும் அசைத்தார். பொட்டுத் தென்னையைவிட்டு நகரவில்லை.

"இது பிழைக்காதோ பிள்ளை?"

"பிழைக்காது அம்மம்மா."

"எதைச் சுடுகிறாய்?"

"கடதாசி அட்டையைத்தான். பலகையையும் சுடுவோம். ஆளின் பக்கம் குழலைத் திருப்பினாலே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்."

அம்மா நெடுநேரம் தென்னையையே பார்த்திருந்தார். "புள்ளி பிழைக்காது. விரல் பிழைக்காமல் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆசீர்வாதமோ எச்சரிக்கையோ, நாம் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு பேர்த்தியின் தட்டில் இரண்டாவது பிட்டுக்குழல் தானாக வந்து விழுந்தது.

சென்ற மாதம் மருமகளிடமிருந்து கடிதம் வந்தது. புதிய கண்ணாடி அணிந்திருக்கிறாளாம். எண்ணியதைவிட விலை குறைந்த குறிகாட்டியையே வாங்கினாளாம். முதற் போட்டியில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பின்னால்தான் நின்றாளாம். கடைசி வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்படி எழுதியிருந்தாள், வாசித்தோம்.

"அம்மம்மா, புள்ளி பிழைக்கவில்லை. விரல்தான் பிழைத்தது. திருத்திக்கொண்டு வருகிறேன்."

அம்மா சுளகை நிறுத்தவில்லை. "திருந்தும்" என்றார்.