சின்ன டிராக்டரும் சேலைத் தலைப்பும்

"டிராக்டர் வாங்குவது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று ஒதுங்கும் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம். வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகும் இயந்திரத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் என்ன?

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடி இடைவெளியில், ஏக்கருக்கு 70 மரம். மழை பெய்துவிட்டால் புல்லும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம்! ஆள் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. சொந்தமாக ஒரு வண்டி வாங்குவதென்று முடிவாயிற்று.

என் கணவருக்கு 45 குதிரைத்திறன் வண்டி மேல் கண். "வாங்கறதே வாங்கறோம், பெரிசா வாங்கிடலாமே!" என்றார்.

"முதல்ல வேலையை எழுதிப் பார்க்கலாமுங்க, அப்புறம் வண்டியைப் பார்க்கலாம்" என்றேன்.

மளிகைச் சீட்டு மாதிரி எழுதினோம். மரங்களுக்கிடையே புல் வெட்டுவது, தொழுவுரம் இழுப்பது, மட்டையும் காயும் களத்துக்குக் கொண்டுவருவது. அவ்வளவுதான்! ஆழ உழவு கூடவே கூடாது. தென்னையின் வேர் பெரும்பாலும் மேலாகவே பரவுவதால் அறுபட்டுவிடும். கனத்த வண்டி ஈர மண்ணில் ஓடினால் மண்ணும் இறுகிப்போகும். புல்லை வேரோடு புரட்டாமல் வெட்டி அங்கேயே போட்டால், ஈரம் காக்கும் மூடாக்காகவும் ஆகும்.

பிறகு சக்திக் கணக்கு. பின்னால் மாட்டும் புல்வெட்டிக்கு, ஓர் அடி அகலத்துக்கு சுமார் 5 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. நாலடி புல்வெட்டிக்கு 20. என்ஜின் சக்தி முழுவதும் பின்தண்டுக்கு வராது என்பதால், 24 குதிரைத்திறன் சின்ன டிராக்டரே போதும் என்று தெரிந்தது. அவரும் சம்மதித்தார்.

இனிமேல்தான் நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

புல்வெட்டியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது, விநாடிக்கு 9! சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ, பின்னலோ மாட்டினால் கையை எடுக்கக்கூட அவகாசம் இராது. "தண்டுக்கு மூடி இருக்குதுங்களா?" என்று கடையிலேயே கேட்டேன். மூடி மாட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. அப்படியும், என்ஜின் ஓடும்போது நான் பின்பக்கம் போவதில்லை.

அடுத்து, ஓட்டுபவர் தலைக்கு மேல் வரும் பாதுகாப்பு வளைவு. வண்டி கவிழ்ந்தால் உயிர் காப்பது அதுவும் சீட் பெல்ட்டும்தான். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். தாழ்ந்த மட்டைக்காக மடக்கினால், உடனே நிமிர்த்திவிட வேண்டும். வளைவு நிமிர்ந்திருக்கும்போதுதான் பெல்ட் போட வேண்டும்.

மூன்றாவது, குழந்தைகள். வண்டி வந்த அன்றே என் ஆறு வயசுப் பையன், "அப்பா, நானும்!" என்று மட்கார்டில் ஏறப் பார்த்தான். "ஒரு சுத்து கூட்டிட்டுப் போனா என்ன ஆயிடும்?" என்றார் மாமியார்.

"அழுதா சமாதானப்படுத்திடலாம் அத்தை. பள்ளத்துல வண்டி குலுங்கி, சக்கரத்துக்கு முன்னால விழுந்தா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஒரு சீட்டுக்கு ஓர் ஆள் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. இப்போதெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டதுமே பேரனைத் திண்ணையில் பிடித்து உட்காரவைப்பது அத்தைதான்! புல்வெட்டி கல்லையும் வீசியெறியும் என்பதால், வேலை நடக்கும் பக்கம் யாரும் போவதில்லை.

வாங்குமுன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றி விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் நல்ல மூடியும் பெல்ட்டும் கேட்டு வாங்குங்கள். விலை பேசுவதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதை நாம் விடக்கூடாது!