நண்பகலில் நின்ற பொறி

உறுப்புகளைத் தேர்ந்து, சொல்லிச் செய்வித்த பொறி நெடுநாள் உழைக்கும் என்பது பலர் எண்ணம். விழுப்புரத்துக் கடையொன்றில் அவ்வாறு பூட்டுவித்த என் மடிக்கணினி இரண்டு மாதத்தில் மூன்று முறை நின்றது. திண்டிவனத்தைச் சூழ்ந்த ஊர்களின் தெருக்கூத்துக் கலைஞர் பாடிய பாட்டுகளை அதில் பதிந்து வைத்திருந்தேன். அவருள் இருவர் இன்று இல்லை.

முதலில் நினைவகத்தை மாற்றினர். பின்பு மின்கலத்தை மாற்றினர். வன்தட்டையும் மாற்றவேண்டும் என்றபோது நெஞ்சம் துணுக்குற்றது. பாட்டுகளை வேறொரு தட்டில் படியெடுத்த பின்னரே இசைந்தேன். அதன் பின்னும் பொறி நின்றது. வியப்பு யாதெனில், ஏறத்தாழ 40 கி.மீ. பேருந்தில் சுமந்து சென்றால் கடையில் அது குற்றமின்றி இயங்கும்! “ஐயா, நன்றாகத்தானே ஓடுகிறது?” என்பார் பழுதுபார்ப்பவர். அவர் சொன்னதும் மெய்யே.

1947 செப்டம்பர் 9 அன்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்து ‘மார்க் 2’ கணிப்பொறி பழுதுற்றபோது, உள்ளே சிக்கியிருந்த விட்டிற்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தனர் பொறியாளர். நானும் ஓர் ஏடு தொடங்கினேன். பத்து நாளில் ஏழு முறை நின்றது. ஏழும் சித்திரை வெயில் கொளுத்தும் நண்பகல். கடையோ குளிரூட்டிய அறை!

ஏட்டைக் கண்டதும் பழுதுபார்ப்பவர் வெப்பக்காற்றை ஊதினார்; திரை அணைந்தது. உருப்பெருக்கியால் நோக்கினால், தாய்ப்பலகையில் பற்றாசு வைத்த ஓரிடத்தில் மயிரிழை போன்ற விரிசல்! சூடேறினால் அது விலகித் தொடர்பு அறும். குளிர்ந்தால் மீண்டும் பொருந்தும். அதனை உருக்கிப் பற்றவைத்தார்.

மறுநாள் நண்பகலில் கணினியை இயக்கினேன். கட்டியங்காரன் குரல் இறுதிவரை ஒலித்தது.