கார்பரேட்டர் கிளீனரும் வாப்பாவின்ர ஹொண்டாவும்



விடுமுறை முழுக்க நின்ற எங்கட மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகேல்ல. டாங்கிக்குள்ள கிளீனர் ஒரு போத்தல் ஊத்தினம், பலனில்லை.

மெக்கானிக் அண்ணன் சிரிச்சார். "மாஸ்டர், அடைச்ச ஜெட்டுக்குள்ளால பெற்றோலே போகேல்ல, மருந்து எப்பிடிப் போகும்?" கார்பரேட்டரைக் கழற்றி, ரப்பர் வளையங்களை எடுத்து வைச்சிட்டு ஸ்பிரே அடிச்சார். பழைய பெற்றோல் காய்ஞ்ச பிசின் கரைஞ்சுது.

பொருளாதாரத் தடைக் காலத்தில நாலு துளி பெற்றோல் விட்டு உதைச்சு, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டின கதையும் வந்தது. பிளக் கரி பிடிக்குமாம். அந்தக் கதையில நாங்கள் இல்லை. 1990 ஒக்டோபர் 30 சோனகதெருவில இருந்து வெளியேற்றப்பட்டம். வாப்பாவின்ர ஹொண்டா முற்றத்தில நின்றது.

"அதுவும் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. நான்தான் பிளக் துடைச்சனான்" எண்டார், எங்கட முகத்தைப் பாராமல்.

கூலி வேண்டாமெண்டவர். நாங்கள் கையில வைச்சிட்டு வந்தம்.