ஒன்பது ஆட்டத்தில் ஒரு முன்களம் வளராது

2025 ஒக்டோபரில் இலங்கை அணி துர்க்மெனிஸ்தானோடு இரண்டு தரம் மோதினது. ஒன்று அவங்கட மண்ணில், மற்றது கொழும்பில். 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்று. எங்கட குழுவில் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்பே, இலங்கை என்று நாலு அணி. முதலாவதாக வாற ஒரே ஒரு அணிதான் சவூதிக்குப் போகும். 2025 மார்ச்சில் தாய்லாந்திடம் 0-1 என்று தோத்தோம். ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றோம். அப்ப துர்க்மெனிஸ்தானுக்கு 6 புள்ளி, நமக்கும் தாய்லாந்துக்கும் 3 புள்ளி இருந்தது. கணக்கு அப்ப இன்னும் மூடப்படல்ல.

ஒவ்வொரு வருசமும் ஓகஸ்ட் வந்தால் எங்கட குழுவுக்குள் ஒரு வேலை நடக்கும். ஆர்சனல் யாரை வாங்கினது, லிவர்பூல் யாரை வித்தது, இடப்பக்க விங்கில் யார், ஒன்பதாம் நம்பருக்கு ஆள் இருக்கா என்று இரவிரவா வாட்ஸ்அப்பில் அடிபடுவம். லண்டன் அணியின் மாற்று வீரர் பெயர் வரைக்கும் எங்களுக்குப் பாடம். இந்த முறை, அதே கண்ணால் நம்மட நாட்டு அணியையும் ஒருக்கா பார்ப்பம் என்று நினைச்சம். பின்னுக்கு இருந்து முன்னுக்குப் போவம்.

கோல் காப்பு: சுஜான் பெரேரா. இதில் பெரிசா விவாதம் இல்லை. உள்ளூரில் வளர்ந்து, மாலைதீவுக் கழகங்களுக்கும் ஆடின அனுபவஸ்தர். எங்கட அணி பல ஆட்டங்களில் மானத்தோடு வெளியே வந்ததுக்கு அவருடைய கையும் ஒரு காரணம்.

பின்களம்: முந்தியைவிட நல்லாவே இறுகிப்போய்க் கிடக்கு. பிறிஸ்பேன் ரோருக்கு நீண்ட காலம் ஆடின ஜக் ஹிங்கர்ட், ஜேர்மனியில் டைனமோ டிரெஸ்டனுக்கு ஆடின கிளோடியோ கமர்க்னெக்ட் போன்றவங்க வந்த பிறகு, பந்து காலில் வந்தவுடனே பயத்தில் தூக்கி அடிக்கிற பழக்கம் குறைஞ்சிட்டு.

இனி முன்களம். இங்கதான் நாங்க பேனையைக் கீழ வைச்சம்.

2023 ஒக்டோபரில் இருந்து 2025 ஜூன் வரைக்கும் ஆடின தகுதிகாண் ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பாருங்க. யெமனோடு 0-3, பிறகு கொழும்பில் 1-1. 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு 0-0, பிறகு 2-2, பெனால்டியில் வென்று அடுத்த சுற்றுக்குப் போனம். பிறகு தாய்லாந்து, சீன தாய்பே. மொத்தம் ஆறு ஆட்டம், ஆறு கோல். அதில் மூன்று கோல் ஒரே நாளில் விழுந்தது. ஆறில் மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் இல்லை. வாங்கின கோலைப் பார்த்தால் எட்டு. யெமனோடு அடிவாங்கின முதல் ஆட்டத்துக்குப் பிறகு, இந்த ஆறில் ஒரு ஆட்டத்திலும் இரண்டுக்கு மேல வாங்கவே இல்லை. அப்ப பின்னுக்கு ஓட்டை இல்லை. முன்னுக்குத்தான் வறட்சி.

ஆள் இல்லையா? இருக்கு. இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வா, அவுஸ்திரேலியாவில் வளர்ந்த வேட் டெக்கர். நடுக்களத்தில் சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன். பெயரைக் கேட்டவுடனே எங்கட வீட்டில் அப்பா, "எந்த ஊர்ப் பிள்ளையாம்?" என்று கேட்பார். திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பின்களத்தை ஒழுங்குபடுத்துறதும் முன்களத்தை உருவாக்குறதும் ஒரே வேலை இல்லை. நாலு பின்கள வீரருக்கு, கோட்டை எங்க பிடிக்கணும், யார் முன்னுக்குப் போகணும், யார் பின்னுக்கு நிற்கணும் என்று ஒரு கிழமையில் பழக்கலாம். பலகையில் கீறிக் காட்டலாம். கோல் அடிக்கிறது அப்படியில்லை. பந்து கொடுக்கிறவன் தலையை நிமிர்த்த முதலே ஓடத் தொடங்கணும். எந்தக் காலுக்குப் பந்து வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று இவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவனுக்கும் இவனுடைய ஓட்டம் தெரிஞ்சிருக்கணும். கம்பத்துக்கு முன்னுக்கு நின்று பந்தை வெளியில அடிச்சிட்டு, அடுத்த சனிக்கிழமை திரும்ப அதே இடத்தில் நிற்க ஒரு வாய்ப்பு வேணும். முன்கள வீரரை வளர்க்கிறது ஆட்டம்தான். நாட்காட்டியில் ஆட்டம் இல்லாட்டி, காலில் கோல் இல்லை.

ஜேர்மனி, சுவீடன், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று நாலு திசையில் இருந்து பறந்து வாறவங்க, சர்வதேச ஆட்ட இடைவெளியில் கொஞ்ச நாள்தான் ஒன்றாப் பயிற்சி எடுப்பாங்க. ஒருத்தன்ட ஓட்டத்தை மற்றவன் பழகிறதுக்குள் விமான டிக்கெட் நாள் வந்திடும். இது அவங்கட குற்றமில்லை. "அவங்க எங்கட ஆக்கள் இல்லை" என்று சொல்றவங்களோடு எங்களுக்கு உடன்பாடும் இல்லை. ஏன் அவங்கட குடும்பங்கள் அங்க போனது என்று நமக்குத் தெரியாதா? பிரச்சினை, அவங்க வரும்போது இங்க அவங்களோடு சேர்றதுக்கு, வருசம் முழுக்க ஆடி முறுகின உள்ளூர் முன்களம் ஒன்று தயாரா இல்லாததுதான்.

ஒரு ஒப்பீடு செய்து பார்ப்பம். வேல்ஸில் பிறந்த நம்மட தமிழ்ப் பொடியன் விமல் யோகநாதன் பார்ன்ஸ்லிக்கு ஆடுறான். இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கு அது. அந்த லீக்கில் 24 அணி. ஒரு பருவத்தில் லீக் ஆட்டம் மட்டும் 46. கிண்ண ஆட்டங்கள் வேற.

இங்க 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்று ஒன்று தொடங்கினாங்க. நாட்டின் தொழில்முறை லீக் என்று சொன்னாங்க. பத்து அணி. எல்லாரும் எல்லாரோடும் ஒரு தரம் ஆடினால் ஒரு அணிக்கு ஒன்பது ஆட்டம், இரண்டு தரம் ஆடினால் பதினெட்டு. அந்த முதல் பருவமே கொரோனாவால் நின்று நின்று நடந்தது. புளூ ஸ்டார் சம்பியன் ஆனது. 2022 ஏப்ரலில் ஆசிய கால்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்திராவை 2-1 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானிடம் 0-5 என்று தோத்தது. மோகன் பகான் முழுப் பருவம் ஆடிப் பழகின அணி. அந்த ஐந்து கோல் வித்தியாசத்தில் நாட்காட்டிக்கும் பங்கு இருக்கு. 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தினது. ஓகஸ்டில்தான் தடை நீங்கினது. இருபது வயசில் இருக்கிற முன்கள வீரனுக்கு அந்த மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கமாட்டாங்க.

அந்தப் பத்து அணியின் பெயரையும் ஊரையும் ஒரு வரைபடத்தில் வைச்சுப் பாருங்க. கொழும்பு எப்.சி., ரினோன், ரட்ணம் மூன்றும் கொழும்பு. புளூ ஸ்டார் களுத்துறை. ரெட் ஸ்டார்ஸ் பேருவளை. நியூ யங்ஸ் வென்னப்புவ. அப்கன்ட்ரி லயன்ஸ் நாவலப்பிட்டி. மிச்சம் மூன்று: டிபென்டர்ஸ், புளூ ஈகிள்ஸ், சீ ஹோக்ஸ். தரைப்படை, விமானப்படை, கடற்படை. திருகோணமலையில் இருந்து அம்பாறை வரைக்கும் ஒரு அணி இல்லை. யாழ்ப்பாணம், மன்னாரில் இருந்தும் இல்லை.

இதை ஒரு குறையாச் சொல்லிட்டுப் போறது லேசு. ஆனால் மட்டக்களப்பில் பந்து அடிக்கிற ஒரு பொடியனுடைய இடத்தில் நின்று பாருங்க. அவன் தொழில்முறையா ஆடணும் என்றால் இரண்டு வழி. ஒன்று, கொழும்பில் ஒரு அறை எடுத்து, பகலில் வேலை, பின்னேரம் பயிற்சி என்று ஒரு கழகத்தில் ஒட்டிக்கொள்றது. அங்க அவனுக்குச் சொந்தம் இல்லை, மொழியும் தட்டும். மற்றது படை அணி. மாதச் சம்பளம், சாப்பாடு, பயிற்சியாளர், பிறகு ஓய்வூதியம். உதைபந்தாட்டக்காரனுக்கு இதைவிட உறுதியான தொழில் இந்த நாட்டில் குறைவு. அதை எடுத்தவங்களை நாங்க குறை சொல்லவரல்ல. ஆனால் 1990இல் இந்த வாவியைச் சுற்றி நடந்ததைக் கண்ட வீடுகளில், "அம்மா, நான் பந்து ஆட அந்தச் சீருடை போடப்போறன்" என்று சொல்றது லேசான காரியமில்லை. வேற ஊர்ப் பொடியனுக்கு அது ஒரு வேலை விண்ணப்பம். எங்கட பொடியனுக்கு அது வீட்டுக்குள் ஒரு வழக்கு.

மன்னாரில் இருந்து தேசிய அணியின் பின்களம் வரைக்கும் போன டக்சன் பியூஸ்லஸை நாங்க மறக்கல்ல. 2022 பெப்ரவரியில் மாலைதீவுக் கழகம் ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே காலமானார். வடக்குக் கிழக்கில் இருந்து ஒருத்தன் மேல போகலாம் என்றதுக்கு அவர் சாட்சி. அந்தப் பாதை எவ்வளவு தூரம் என்றதுக்கும் அவர்தான் சாட்சி.

சரி, எங்கட ஊரில் ஆட்டம் இல்லையா? இருக்கு. வெபர் மைதானத்தில் இருந்து கடற்கரை மணல் வரைக்கும், ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி, படுவான்கரைக் கிராமங்கள் வரைக்கும் கழகம் இல்லாத ஊர் குறைவு. ஆனால் ஆடுற முறையைப் பாருங்க. பெரும்பாலும் ஞாபகார்த்தக் கிண்ணம், விலகல் முறை. பதினாறு அணி வந்தால் எட்டு அணி ஒரே ஒரு ஆட்டத்தோடு பஸ் ஏறும். தோத்தால் வீடு என்றால் எந்தப் பயிற்சியாளரும் பதினேழு வயசுப் பொடியனை முன்னுக்கு விட்டுப் பரீட்சை பார்க்கமாட்டார். பழைய ஆளை விட்டு, நீளப் பந்து அடிச்சு, பெனால்டிக்கு இழுப்பார். அந்த ஆட்டத்தில் பின்கள வீரன் வளருவான், கோல் காப்பாளன் வளருவான். விங்கில் ஓடுறவன் வளரமாட்டான்.

எங்களோடு ஆடின ஒருத்தன் இருந்தான். இடக்கால். கச்சான் காத்து அடிக்கிற நாளிலயும் மூலையில் இருந்து பந்தை வளைச்சுக் கம்பத்துக்குள் போடுவான். ஒரு வருசத்தில் அவன் எத்தனை முழு ஆட்டம் ஆடினான் என்று எண்ணிப் பார்த்தம். பதினொன்று. இருபத்தொரு வயசில் கட்டாருக்குப் போயிட்டான். போன கிழமை வீடியோ கோலில், "இங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆடுறன்கா, ஊரைவிட இங்க ஆட்டம் கூட" என்று சொல்லிச் சிரிச்சான். நாங்களும் சிரிச்சம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கல்ல.

அதனால் அந்த ஒக்டோபர் ஆட்டங்களுக்கு முதல் எங்கட மதிப்பீடு இதுதான். ஒக்டோபரில் கொழும்பில் துர்க்மெனிஸ்தானை ஒரு கோல் வித்தியாசத்தில் மடக்கலாம். பின்களம் அதுக்குக் காணும். அவங்கட மண்ணில் ஒரு புள்ளி வந்தால் கொண்டாடலாம். ஆனால் இந்தக் குழுவில் முதலிடம் எடுக்க, மூன்று கோல் அடிச்ச நாள் மாதிரி இன்னும் பல நாள் வேணும். அதை இந்த முன்களத்திடம் இருந்து இப்ப கேட்கிறது நியாயமில்லை.

கேட்கவேண்டிய இடம் வேற. தேசிய லீக்கை கொழும்பு எப்ப ஒழுங்கா நடத்தும் என்று காத்திருக்காமல், இங்க தொடங்கக்கூடிய ஒன்று இருக்கு. மாரி மழை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் மைதானத்தைக் குளமாக்கும். மாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் நிலம் காய்ஞ்சு கிடக்கும். எட்டுக் கழகம், ஊரிலும் வெளியூரிலும் என்று இரண்டு தரம். ஒரு அணிக்குப் பதினான்கு ஆட்டம். ஒரு கிண்ணத்துக்கு மேடை, பந்தல், பொன்னாடை, ஒலிபெருக்கி என்று செலவழிக்கிற காசில் நடுவருக்கும் பஸ்சுக்கும் கொடுக்கலாம். முந்தி படுவான்கரையில் இருந்து ஒரு அணி மண்முனையால வரணும் என்றால் பாதைக்குக் காத்து நிற்கணும். 2014இல் அந்தப் பாலம் திறந்த பிறகு அந்தச் சாட்டும் இல்லை. தமிழ்க் கழகமும் முஸ்லிம் கழகமும் ஒரே அட்டவணையில் பதினான்கு கிழமை ஒருத்தர் ஊருக்கு ஒருத்தர் போய் வந்தால், அது பந்துக்கு மட்டும் நல்லதில்லை.

பதினான்கு ஆட்டம் 46 இல்லை. ஆனால் பதினேழு வயசில் ஒருத்தன் ஒரு சனிக்கிழமை பந்தை வெளியில அடிச்சால், அடுத்த சனிக்கிழமை திரும்ப அடிச்சுப் பார்க்க இடம் இருக்கும். இந்த வருசம் உங்கட கழகக் கூட்டத்தில் கிண்ணத்துக்கு யார் பெயர் வைக்கிறது என்று கதை வரும்போது, யாராவது எழும்பி, லீக் அட்டவணை எங்க என்று ஒருக்கா கேளுங்க.