மேட்டூர் முதல் பூம்புகார் வரை: காவிரிக் கரையில் ஏழு நாள் சைக்கிள் பயணம்!

வைகாசி கடைசியில் டெல்டா மாவட்ட டீக்கடைகளில் தவறாமல் கேட்கும் கேள்வி, ‘மேட்டூர் திறந்தாச்சா?’ என்பதுதான். ஆனால், அந்த அணையையோ, தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரிந்து வரும் கல்லணையையோ நேரில் பார்க்காத விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், காவிரியின் போக்கிலேயே சைக்கிளில் போய் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அதற்கு ஆசையோடு, ஒரு மாதத் தயாரிப்பும் வேண்டும்.

எந்த வழி?

மொத்தத் தொலைவு சுமார் 350 கிலோமீட்டர். மேட்டூரில் கிளம்பி பவானி, கொடுமுடி, குளித்தலை, திருச்சி, திருவையாறு, கும்பகோணம் என்று இரவு தங்கினால், ஏழாம் நாள் பூம்புகார். ஒரு நாளைக்கு 40 முதல் 70 கிலோமீட்டர் வரும்.

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஈரோடு, கொடுமுடி பக்கம் மஞ்சள். குளித்தலை பக்கம் வாழை. திருச்சிக்கு முன்னால் முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது இங்கேதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பங்கு பிரிவதைப் பார்க்கலாம். கும்பகோணம் தாண்டியதும் ஆடுதுறையில், 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது கிளம்பலாம்?

ஆடியில் மேல்காற்று முதுகில் தள்ளும், மிதிப்பது சுலபம். ஆனால் வெயில் அதிகம், ஆற்றில் வேகமும் அதிகம். தை மாதம் குளுமையாக இருக்கும்; வாடைக்காற்று கொஞ்சம் எதிர்க்கும். காற்று குறைவாக இருக்கும் காலையிலேயே பெரும்பகுதி தொலைவை முடித்துவிட்டால் சிரமமில்லை. பனிமூட்டம் இருந்தால் அது விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

உடம்பும் வண்டியும்

முதல் வாரம் தினமும் 10 கிலோமீட்டர் மிதிக்கட்டும். அடுத்த வாரங்களில் 20, 30 என்று ஏற்றலாம். கடைசி வாரத்தில், மூட்டை கட்டிக்கொண்டு அடுத்தடுத்து இரண்டு நாள் 40 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஒரு நாள் ஓட்டுவதைப் பலரும் சமாளிப்பார்கள். மறுநாள் காலையில் திரும்ப சீட்டில் உட்காரும்போதுதான் உடம்பின் நிலை தெரியும்.

கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்கு சீட் உயரம் இருக்கட்டும். தேய்ந்த டயர், பிரேக் கட்டைகளை முதலிலேயே மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தின் கோட்டம் எடுத்துவிட வேண்டும். குழுவுக்கு ஒரு பம்ப், ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு டியூப் போதும். பஞ்சர் ஒட்ட இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும். மூட்டையை முதுகில் சுமக்காமல், பழைய டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டலாம்.

காலையில் கம்பங்கூழ் அல்லது நீராகாரம். வழியில் வாழைப்பழம், கடலைமிட்டாய். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளும் கையில் இருக்கட்டும்.

கவனம்... கவனம்!

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று சாலை பழகிய பெரியவர்கள் இருவர் உடன் செல்ல வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும். ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போகக் கூடாது. தை மாதத்தில் கரும்பு லாரிகளும் அறுவடை இயந்திரங்களும் சாலையில் அதிகம். டெல்டாவில் சாலையில் காயும் நெல்லும் வைக்கோலும் சக்கரத்தை வழுக்கிவிடும். ஹெல்மெட்டும், வண்டிக்குப் பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டையும் கட்டாயம். இருட்டில் ஓட்டவே கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஆறு. மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில், மணல் அள்ளிய பள்ளமும் சுழலும் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவர்களையும் அது இழுத்துவிடும். ‘ஆற்றில் இறங்குவதில்லை’ என்று கிளம்பும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளியல், தங்கும் இடத்துக் குழாயில்தான்.

பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், ஒவ்வொருவரின் ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை பெரியவர்கள் இருவரிடமும் இருக்கட்டும். தங்குவதற்குப் பள்ளி, மண்டபங்களை முன்பே பேசி வைக்க வேண்டும். பூம்புகாரிலிருந்து சைக்கிள்களை ஏற்றிவர ஒரு சரக்கு வண்டிக்கும் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு இரவும், அன்று பார்த்த பயிர், பாசன முறை, விவசாயிகள் சொன்ன விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று, நான்கு நாள் ஆகும். கடைமடையில் நாற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பவரின் தவிப்பு, அத்தனை தொலைவையும் மிதித்து வந்த பிள்ளைகளுக்குப் புரியும். ஊர் திரும்பியதும் அந்த நோட்டை உழவர் கூட்டத்தில் வாசிக்க வையுங்கள்.